மாதா ஏற வேண்டிய படகு

ஜூலை 2

படகு வேலை ஆரம்பித்தாயிற்று. எந்த ஒயர் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதைப் பிறகு நான் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் எழுதி வைக்கிறேன். ஐஸ் கம்பெனி கொடுத்த டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பொன்மொழி போட்டிருக்கிறான். ஐஸ் விற்கிறவன் நமக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டான். இதில் படகு வேலை தவிர வேறு எதையும் எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் பதினைந்து எங்கள் ஊர் மாதா திருவிழா. அன்று சாயங்காலம் மாதா சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவருவோம். எந்தப் படகு என்று ஈஸ்டர் முடிந்ததும் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இந்த வருஷம் முதல் சீட்டு எங்களுக்கு விழுந்தது. எடுத்தது எங்கள் மகன் ஜெர்வின்தான். சீட்டைப் பிரித்தவன் கோயில் என்றும் பாராமல் விசில் அடித்தான். இரண்டாவது சீட்டு அவன் தாய்மாமன் தொபியாசுக்கு.

படகு முழுக்க விளக்குப் போட வேண்டும். ஆனால் ஒரு ஒயர் கூட வெளியில் தெரியக் கூடாது. மாதாவைச் சுற்றி ஒயர் தொங்கினால் ஊர்க்காரன் அடுத்த திருவிழா வரைக்கும் வாயில் போட்டு மெல்லுவான். எங்களுடையது முப்பத்திரண்டு அடி பைபர் வள்ளம். பாட்டரி பின்பக்கம், இஞ்சின் பெட்டிக்கு இந்தாண்டை. அங்கிருந்து முகப்பு வரை ஒயரை ஒளித்துக் கொண்டுபோக வேண்டும்.

தோள் வலி விடவில்லை. வீட்டுக்காரி அமலி வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். எப்படி வந்த வலி என்று இன்றும் கேட்டாள். இஞ்சின் சுற்றும்போது பிசகியது என்றேன்.

ஜூலை 4

தூத்துக்குடியில் இருந்து செல்லத்துரையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பெரிய லாஞ்சுப் படகுகளுக்கு ஒயரிங் பார்க்கிறவன். படகுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். பழைய ஒயர்கள் எல்லாம் நைலான் நூலால் விளிம்பில் கட்டிக் கிடந்தன.

"அண்ணாச்சி, இது யாரு பாத்த வேலை?"

"ஏன்?"

"ஒயரக் கட்டச் சொன்னா வலையக் கட்டி வச்சிருக்கியோ. ஒங்க ஆளுக அத்தன பேரும் இதத்தான் பண்ணுதிய. கைப்பழக்கம். இஞ்சின் ஓட ஓட அதிரும்லா, இந்த முடிச்சு ஒயர ரம்பம் மாதிரி அறுத்துரும். பாருங்க, உள்ள கம்பி பச்சை பூத்துப் போச்சி."

காட்டினான். உண்மைதான். வலை முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். மீனுக்கு அது சரி, ஒயருக்கு எமன்.

பிளாஸ்டிக் குழாய் வாங்கி விளிம்பின் மடிப்புக்கு அடியில் ஓட்டச் சொன்னான். சாணுக்கு ஒரு கிளாம்ப். ஈயம் பூசின ஒயர்தான் போட வேண்டும், வீட்டு ஒயர் உப்பில் ஒரு மழைக்காலம் தாங்காது. பலகையில் துளை போட்டால் துளைக்கு ரப்பர் வளையம். பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும், அப்போதுதான் தண்ணீர் ஒயர் வழியாக உள்ளே போகாமல் சொட்டிவிடும். பாட்டரி பக்கத்திலேயே ப்யூஸ். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். சாமான் வாங்கிக் கொடுத்தால் நானே செய்துகொள்வேன் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஜூலை 5

பழைய ஒயரை அவிழ்த்தேன். அவ்வளவுதான்.

ஜூலை 6

நேற்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். இன்றும் அவிழ்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கத்தி பக்கத்திலேயே கிடந்தது. சர்சர் என்று அறுத்துப் போட்டால் ஒரு டீ குடிக்கிற நேரம். ஆனால் எல்லாம் ஜெர்வின் போட்ட முடிச்சு. போன வருஷம் பாட்டுப் பெட்டி வைக்க வேண்டும் என்று ஒற்றை ஆளாக உட்கார்ந்து கட்டினான். உப்பில் ஊறி இறுகிப் போயிருக்கிறது. வலை ஊசியின் முனையை விட்டுக் கெல்லிக் கெல்லி எடுக்கிறேன். ஒரு பக்கம்கூட முடியவில்லை. நகம் பிய்ந்துவிட்டது.

பக்கத்துப் படகுச் சந்தியாகு வந்து, "என்ன பெருசு, கத்தி இல்லையோ?" என்று கேட்டான். உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போலே என்றேன்.

ஜூலை 9

தொபியாஸ் மச்சான் வந்தார். அமலிக்கு மூத்தவர். ஊர்க் கமிட்டியில் இருக்கிறார். படகைச் சுற்றிச் சுற்றி வந்தார், இஞ்சினைப் பாராட்டினார், மழையைத் திட்டினார். சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் நானேதான் கேட்டேன்.

"கமிட்டியில என்ன பேசுதாங்க மச்சான்?"

"ஒண்ணும் பேசல மாப்ள. மணி அடிச்சா ஒரு பேச்சு, அடிக்கலன்னா ஒரு பேச்சு."

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குச் சாவு மணி அடித்துவிட்டால் அது துக்க வீடு. துக்க வீட்டுப் படகில் ஒரு வருஷத்துக்கு மாதா ஏறுவதில்லை. ஜெர்வினுக்கு இன்னும் மணி அடிக்கவில்லை. மே மாதக் கடைசியில் கடலுக்குப் போனபோது நானும் அவனும் மட்டும்தான். நான் குனிந்து இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தபோது ஆளைக் காணோம். இதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன். ஊரே படகெடுத்துப் போய்த் தேடியது. கிடைக்கவில்லை. ஆள் கிடைக்காமல் எப்படி மணி அடிப்பது என்று அமலி கேட்டாள். கோயில் சாமியாரும் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றுவிட்டார்.

"நீ போகலன்னா அடுத்து என் படகு. அதனால நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. சொன்னா, மருமவன் செத்தது மாமனுக்கு லாபம்னு பேசுவானுவ. எந்தங்கச்சி என்ன சொல்லுதாளோ அதுதான்," என்று சொல்லி மூக்கைச் சிந்தினார்.

அவர் நல்லவர். இன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அவர் காரணம் இல்லை.

ஜூலை 15

இடது பக்கக் குழாய் முடிந்தது. விளிம்பின் மடிப்புக்குள் பதிந்துவிட்டது. வெளியில் நின்று பார்த்தால் படகில் ஒயர் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. உள்ளே எத்தனை ஓடுகிறது என்று எனக்குத்தான் தெரியும்.

வலது பக்கம் பின்னால் ஒரு பாகம் பாக்கி. அங்கே குனிந்து வேலை செய்ய ஏனோ ஓடவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 16

இன்றும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூலை 20

திருவிழாவுக்குத் துணி எடுக்கப் போகலாம் என்றாள் அமலி. கடையில் ஒரு நீலச் சட்டையை எடுத்து என் முதுகில் வைத்து அளந்து பார்த்தாள். எனக்கு இல்லை. அவனுக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடலில் விழுந்து மிதந்த கீழ ஊர்ப் பையன் ஒருவனைக் கப்பல்காரன் காப்பாற்றிக் கொண்டுபோய் எங்கேயோ இறக்கிவிட, ஒரு மாசம் கழித்து அவன் வீடு வந்து சேர்ந்தான். அந்தக் கதையை இவள் ஜெபமாலை மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாதா நம் படகில் ஏறி இறங்கினால் பிள்ளை வந்துவிடுவான் என்று நேர்ந்திருக்கிறாள்.

"பழைய அளவே சரியா இருக்குமாங்க? சாப்பாடு தண்ணி இல்லாம மெலிஞ்சிருப்பான்லா?"

"ஒரு சைஸ் சின்னதா எடு," என்றேன்.

கடைக்காரன் மடித்துக் கொடுத்தான். நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? என் வாயில் யாராவது மண்ணை அள்ளிப் போட்டிருக்கலாம்.

ஜூலை 26

வலது பக்கமும் முடித்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாதாவுக்குப் பின்னால் வருகிற வளைவு விளக்குக்கு நான்கு ஒயர். அவற்றைக் கம்பத்தின் உள்ளேயே ஏற்றினேன். அடியில் ஒரு பலகை அடித்து மறைத்து அதற்கும் நீலப் பெயின்ட். சாமி வந்து பார்த்தார். எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, சின்ன வயசு.

"ரொம்ப அழகா ஒளிச்சிட்டீங்க இன்னாசி," என்றார்.

எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்கவே போய்விட்டேன். அவர் ஒயரைத்தான் சொன்னார்.

"மாதாவக் கொண்டுபோற படகோட்டி பாவசங்கீர்த்தனத்துல பாவத்தச் சொல்லி, பூசையில நன்மை வாங்கியிருக்கணும், அது தெரியும்ல? நீங்க ஈஸ்டருக்கு அப்புறம் வரலை."

"வாரேன் சாமி. இந்தப் பெயின்ட் காயட்டும்."

ஆகஸ்ட் 6

கொடியேற்றம். மழை வரும் போல இருந்து ஏமாற்றிவிட்டது.

ஆகஸ்ட் 9

சாயங்காலம் விளக்கைப் போட்டுப் பார்த்தோம். பாதி ஊர் கரையில் நின்றது. சுவிட்சைத் தட்டியதும் விளிம்பு முழுக்க நீலம், வளைவில் வெள்ளை, முகப்பில் ஒரு நட்சத்திரம். ஒயர் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் குனிந்து குனிந்து தேடினார்கள். செல்லத்துரையும் வந்திருந்தான். "அண்ணாச்சி, இனிமே லாஞ்சு வேலைக்கெல்லாம் ஒங்களத்தான் கூப்பிடணும்," என்றான். எனக்கும் ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. பொய் எதற்கு.

அப்போது அமலி படகின் முகப்பைத் தடவிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இம்புட்டு வெளிச்சத்தப் பாத்தா எம்புள்ள எங்க கெடந்தாலும் வந்துருவான்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தொபியாஸ் என்னைப் பார்த்தார். நான் சுவிட்சை அணைத்துவிட்டு, பாட்டரி இறங்கிவிடும் என்றேன்.

ஆகஸ்ட் 11

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசை பெரிதாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு முன்னால் மூன்று பேர்தான் நின்றார்கள். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 12

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட்டுப் படுக்க வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு இதையும் வேறு மாதிரி சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மத்தியானம் அமலி சோறு கொண்டுவந்தாள். படகு கரையில் ஏறி நின்றது. நிழல் பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் சொன்னாள்:

"மாதா எறங்குன மறுநாளே நீங்க வள்ளத்த எடுக்கணும். தீவுப் பக்கம் ஒண்ணு விடாமப் பாக்கணும். அங்க எங்கயாச்சும் அடிபட்டு, பேச்சில்லாமக் கெடந்தா? நானும் வாரேன். வருசமானாலும் தேடுவோம்."

"தீவுல வேண்டாம் அமலி."

"ஏன்?"

"அங்க இருக்க மாட்டான்."

"அது எப்படி ஒங்களுக்குத் தெரியும்?"

சோற்றில் கையை வைத்தபடி இருந்தேன். இந்த வாய் மே மாதத்தில் இருந்து பூட்டிக் கிடந்தது. எப்படித் திறந்தது என்று தெரியவில்லை.

சொன்னேன். நான் இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் இஞ்சின் காற்றாடியில் வலை சுற்றிவிட்டது. அறுக்கிறேன் என்று அவன் வலது பக்கமாகத் தண்ணீரில் இறங்கினான். அதற்கு முன்னால் நூறு தடவை இறங்கியிருக்கிறான். ஒரு பெரிய அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கி அவன் தலையில் போட்டது. நான் குதித்தேன். கிடைத்தான். ஒரு கையால் படகின் கயிறு, ஒரு கையால் அவனுடைய கை. நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. படகில் தூக்கிப் போட எத்தனையோ தடவை பார்த்தேன். என் பாரத்தையே தூக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, தோள் மூட்டு கழன்றது.

"நான் விடல அமலி. கை விட்டுட்டு."

அவள் அழவில்லை.

"மூச்சு இல்லன்னு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தியளா?"

"கூப்பிட்டேன்."

"பெறவு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அப்புறம் ஒரு அலை என்னைப் படகுக்குள் தூக்கிப் போட்டது, வலையை அவன் அறுத்திருந்ததால் இஞ்சின் ஓடியது. கரைக்கு வந்தபோது இவள் அலையில் இடுப்பு வரை இறங்கி நின்றாள். "எம்புள்ள எங்க?" என்று கேட்டாள். கையில் பிடித்திருந்தேன், போட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று எந்தத் தகப்பன் சொல்லுவான்? காணோம் என்றேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவள் இத்தனை நாளும் உயிரோடு இருந்தாள். நானும்தான் இருந்தேன். இதையெல்லாம் அவளிடம் சொல்ல வரவில்லை. பயந்துட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம்தான் அடித்தாள். இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்தாள். சோற்றுச் சட்டி உருண்டு மணலில் கொட்டியது. "சட்ட எடுக்கையில ஒரு சைஸ் சின்னதா எடுக்கச் சொன்னீரே! பாவி, சின்னதா எடுக்கச் சொன்னீரே!" என்று கத்தினாள். கல்யாணமான நாளில் இருந்து என்னை அவள் 'நீர்' என்று பேசியதில்லை. அடித்து ஓயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வலித்த தோளில் படாமல்தான் அடித்தாள். அது தெரிந்து செய்ததா தெரியாமல் செய்ததா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 13

காலையில் நான் எழுந்திருக்கும் முன்னால் அமலி கோயிலுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. திருவிழாவுக்கு அடிக்கிற மணி வேறு, இது வேறு. விட்டுவிட்டு ஒவ்வொன்றாக அடிக்கும். கொடியேறிய ஊரில் சாவு மணி கேட்டதும் எல்லோரும் வாசலுக்கு வந்து யார், யார் என்று கேட்டார்கள்.

இப்படியாக எங்கள் வீடு துக்க வீடு ஆயிற்று. நானும் போய் சாமியிடம் முழங்காலிட்டேன். அவர் நான் சொன்னதைக் கேட்டு என் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஜெர்வினுக்கு அடக்கப் பூசையைத் திருவிழா முடிந்த மறுநாள் வைக்கலாம் என்றார்.

தொபியாஸ் வந்து அமலியைக் கட்டிக்கொண்டு அழுதார். மாதா இனி அவர் படகில்தான். அதில் ஒரு விளக்கும் இல்லை.

"டார்ச்சு லைட்டு வச்சு ஒப்பேத்திருவோம் மாப்ள. நீ இப்ப அதையெல்லாம் போட்டுக் கழட்டிக்கிட்டு..."

"கழட்டிக் குடுங்க," என்றாள் அமலி, என்னைப் பார்க்காமல். "நம்ம வீட்டு இருட்டு நம்மளோட. மாதா ஏன் இருட்டுல போவணும்?"

மறைப்பது பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். மறைத்ததை எடுப்பதுதான் பெரிய வேலை. பலகையை நெம்ப வேண்டும், கிளாம்பை ஒவ்வொன்றாகப் பெயர்க்க வேண்டும், கம்பத்தை அறுக்க வேண்டும். செல்லத்துரையும் ஓடி வந்து கூடமாட நின்றான். நாள் முழுக்கப் பெயர்த்தோம்.

ஆகஸ்ட் 14

தொபியாஸ் படகில் விளக்குகளைக் கட்டி முடித்தோம். ஒளித்து வைக்க நேரம் இல்லை. ஒயர் அத்தனையும் வெளியில்தான் தெரிகிறது. ஊர்க்காரர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15

கடற்கரைக்குப் போகவில்லை. வேட்டுச் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 16

பூசை. பெட்டி இல்லாமல் நடந்த பூசை. அமலி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 20

நேற்று விடிந்ததும் அமலி வந்து, "என்ன அங்க கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

எங்கள் பக்கம் தொழில் வள்ளத்தில் பெண்கள் ஏறுவதில்லை. ஏறினால் மீன் படாது என்பார்கள். பட்டதெல்லாம் போதும் என்று கையைக் கொடுத்து ஏற்றினேன். கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். சந்தியாகு தானே வந்து படகைத் தள்ளிவிட்டான்.

படகில் விளிம்பு முழுக்க ஓட்டையும் பெயர்த்த தழும்புமாக இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கரையைவிட்டு வந்ததும் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வருஷம் கடற்கரையிலேயே இருந்தவள், கடலுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. இம்புட்டுத் தூரமா வருவிய என்று கேட்டாள். இதைவிடத் தூரமும் போவோம் என்றேன்.

கோயில் கோபுரம் ஒரு விரலளவுக்குத் தெரிகிற இடத்தில் இஞ்சினை அணைத்தேன்.

"இதானா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. மே மாதத்து நாக்கு அல்லவா.

"சரியாத் தெரியாது அமலி. இந்தப் பக்கந்தான். நீரோட்டம் வேற இழுத்துச்சி. எனக்கு அன்னைக்குக் கண்ணே தெரியல."

அவள் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது? ஒரு கல் உண்டா, மரம் உண்டா? எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். கடைசியில் படகின் வலது பக்கத்துத் தண்ணீரில் ஒரு இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினாள்.

"சரி. இதுவே இருக்கட்டும்."

குனிந்து தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, "ஏல ஜெர்வின்," என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்புவாளே, அந்தக் குரலில். இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதேன். அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதேன்.

திடீரென்று அவள் பதறி என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"நவுருதுங்க! வள்ளம் நவுருது! அந்த எடத்த விட்டுப் போவுது, பிடிங்க!"

எழுந்து போய் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டேன். தோள் சுண்டி இழுத்தது. கயிறு ஓடி நின்று, படகு ஒரு ஆட்டம் ஆடி நிலைத்தது. பொழுது சாயும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.